குரோனா ஒன்றா, மூன்றா? (இருபது கிலோ நாணயத்திலிருந்து கியூஆர் உண்டியல் வரை)

கேள்வி – வாசகர் ஒருவர், 9 நவம்பர் 2024

சுவீடன், நார்வே, டென்மார்க் மூன்றிலும் காசுக்குப் பெயர் குரோனா. ஒரே பணம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன மாதம் கோபன்ஹேகனில் மிஞ்சிய டேனிஷ் சில்லறையை சுவீடனின் மால்மோவில் ஒரு கடையில் நீட்டினேன், வாங்கவில்லை. பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரே பெயர். யூரோ மாதிரி ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று இவர்களுக்குத் தோன்றவே இல்லையா? ஸ்டாக்ஹோமில் இருக்கும் அக்கா விளக்கவும்.

9 நவம்பர் 2024, இரவு

தோன்றாமல் என்ன தம்பி? தோன்றி, செய்து, நாற்பது வருஷம் நன்றாகவே ஓட்டினார்கள். நீங்கள் ஒரு நூறு வருஷம் பிந்தி நீட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

1873 மே மாதம் சுவீடனும் டென்மார்க்கும் ஒப்பந்தம் போட்டன. நார்வே 1875இல் சேர்ந்தது. ஒரு கிலோ தங்கத்துக்கு 2,480 குரோனா, மூன்று நாட்டுக்கும் இதே கணக்கு. 20 குரோனா பொற்காசில் சுத்தத் தங்கம் 8.06 கிராம். நம் ஊர்க் கணக்கில் ஒரு பவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மன்னர் தலை அச்சாகியிருந்தாலும் தங்கம் ஒன்றுதான் என்பதால் கோபன்ஹேகன் காசு மால்மோவில் மறுபேச்சில்லாமல் செல்லும். பொன் மட்டுமல்ல, வெள்ளி, செம்புச் சில்லறையும் செல்லும்.

அதற்கு முந்தைய கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். டென்மார்க்கில் ஒரு ரிக்ஸ்தாலருக்கு 96 ஸ்கில்லிங். நார்வேயில் ஒரு ஸ்பெசிதாலருக்கு 120 ஸ்கில்லிங். சுவீடன் மட்டும் 1855லேயே ஒரு ரிக்ஸ்தாலருக்கு நூறு ஓரே (அவர்கள் பைசா) என்று திருந்திவிட்டது. குரோனாவுக்கு மாறும்போது சுவீடன்காரர் ஒன்றைக் கொடுத்து ஒன்று வாங்கினார், டென்மார்க்காரர் ஒன்றுக்கு இரண்டு, நார்வேக்காரர் ஒன்றுக்கு நான்கு. 1957இல் அணா போய் நயா பைசா வந்ததைப் பார்த்த நம் பெரியவர்களிடம் கேளுங்கள், அந்த அவஸ்தையைச் சொல்வார்கள்.

1914இல் போர் வந்தது, எல்லாம் முடிந்தது.

10 நவம்பர் 2024

"எல்லாம் முடிந்தது" என்று நேற்று எழுதியது தவறு. தூக்கக் கலக்கம்.

1914இல் நின்றது, நோட்டைக் கொண்டுவந்தால் தங்கம் தருவோம் என்ற உறுதி மட்டும். ஒருவர் காசு மற்றவர் நாட்டில் செல்லும் என்ற ஒப்பந்தம் காகிதத்தில் அப்படியே கிடந்தது. வேடிக்கை அங்கேதான். போர்க்காலத்தில் சுவீடன் குரோனாவின் மதிப்பு மற்ற இரண்டையும் விட ஏறிவிட்டது. ஆனால் சில்லறைக்கு இன்னமும் ஒன்றுக்கு ஒன்று. ஜனம் சும்மா விடுமா? டேனிஷ் காசையும் நார்வே காசையும் சுவீடனுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். சட்டப்படி வாங்கித்தான் ஆக வேண்டும். 1924இல்தான் அந்தச் சில்லறை ஒப்பந்தத்தையும் முறித்தார்கள்.

ஆக, தம்பி, உங்கள் சில்லறை சரியாக நூறு வருஷம் லேட். நேற்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன், கணக்கு பொருந்திவிட்டது!

10 நவம்பர் 2024, பிற்பகல்

இன்னொரு விஷயம். குரோனா என்ற பெயரை 1873இல் உட்கார்ந்து யோசித்து வைத்தார்கள் என்று எண்ண வேண்டாம். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1618லேயே கிரீடம் பொறித்த வெள்ளிக்காசு போட்டார். குரோனா என்றால் கிரீடம், வேறொன்றுமில்லை. அந்தக் கிறிஸ்டியன் பெயரை நினைவில் வையுங்கள், நம் ஊர்ப் பக்கமும் வருவார்.

யூரோ? டென்மார்க் 2000இல் மக்களிடம் கேட்டது, 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சுவீடன் 2003இல் கேட்டது, கிட்டத்தட்ட 56 சதவீதம் வேண்டாம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை. ஆனால் டென்மார்க் ரொம்பச் சமர்த்து. யூரோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு யூரோவுக்கு 7.46 குரோனர் என்ற அளவை ஒட்டியே தன் காசைக் கட்டிவைத்திருக்கிறது. வீடு தனி, அடுப்பு ஒன்று.

16 நவம்பர் 2024

நேற்று பையனைக் கூட்டிக்கொண்டு ஸ்டாக்ஹோமில் உள்ள பொருளாதார அருங்காட்சியகத்துக்குப் போனேன். இந்த இழைதான் காரணம். பத்து தாலர் (தாலர் என்பது சுவீடனின் பழைய பணம்) செப்புத் தகட்டை மறுபடி பார்க்க ஆசை.

அதை நாணயம் என்று சொல்ல வாய் வராது. 1644இல் அடித்தது, எடை 19.7 கிலோ. நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிப் பாருங்கள், அந்த எடைதான். ஒரு நீளமான செப்புப் பலகை, நான்கு மூலையிலும் நடுவிலும் வட்ட முத்திரை. அப்போது நாட்டை ஆண்டவர் கிறிஸ்டினா அரசி. பையன், "இதை எந்தப் பாக்கெட்டில் வைப்பார்கள்?" என்றான். வண்டியில்தான் கண்ணா.

ஏன் இப்படி? சுவீடனில் வெள்ளி குறைவு, செம்பு கொட்டிக் கிடந்தது. பாலுன் ஊரின் பெரிய சுரங்கம் அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் செம்புச் சந்தையையே ஆட்டிவைத்தது. போருக்குப் பணம் வேண்டும், செம்பு விலையும் விழக்கூடாது. மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் 1624இல் செம்பையே நாணயமாக்கினார். நாட்டுக்குள்ளேயே செம்பைப் புழங்கவிட்டால் வெளிச்சந்தைக்குப் போகும் சரக்கு குறையும், விலை நிற்கும் என்பது கணக்கு. ஆனால் காசில் எழுதிய மதிப்புக்கு முழு உலோகமும் காசிலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேறு. வெள்ளியோடு ஒப்பிட்டால் செம்பு மலிவு. அப்படியானால் காசு எவ்வளவு பெரிதாகும்? அவெஸ்தா ஊரில் அடித்த அந்தத் தகடுதான் பதில்.

பத்து தாலர் தகடு சீக்கிரமே கைவிடப்பட்டது. சிறிய தகடுகள் 1776 வரை புழங்கின. பிற்காலத்து ஒரு தாலர் தகடு முக்கால் கிலோ.

17 நவம்பர் 2024

தகடு கனத்ததால் காகித நோட்டு பிறந்தது. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு 1661இல், ஸ்டாக்ஹோம் பாங்கோவில். தொடங்கியவர் யோஹான் பால்ம்ஸ்ட்ருக், ரீகாவில் பிறந்தவர், ஆம்ஸ்டர்டாமில் கடன் தகராறில் சிறைக்குப் போய் வந்தவர். இப்படிப்பட்டவரிடம் வங்கி நடத்த உரிமம் கொடுத்த மன்னரை என்ன சொல்வது!

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நோட்டு இருந்தது. ஏகப்பட்ட கையெழுத்து, முத்திரை. பத்திர ஆபீஸ் கிரயப் பத்திரம் போலவே இருக்கிறது.

24 நவம்பர் 2024

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். "கனத்ததால் நோட்டு பிறந்தது" என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் ஒப்பித்துவிட்டேன். கனம் ஒரு காரணம்தான். உண்மையான நெருக்கடி வேறு.

1660இல் அரசு புதுத் தகடு போட்டது. அதே மதிப்பு, செம்பு மட்டும் குறைவு. அப்போது என்ன ஆகும்? பழைய தகட்டில் செம்பு கூடுதல், அதை உருக்கினாலே லாபம். வங்கியில் பழைய தகட்டைப் போட்டு வைத்தவர்கள் எல்லாரும் "என் தகட்டைக் கொடு" என்று வாசலில் வந்து நின்றார்கள். வங்கியோ அதை நீண்ட காலக் கடனாக வெளியே கொடுத்துவிட்டது. கையில் தகடு இல்லை. அப்போதுதான் பால்ம்ஸ்ட்ருக் சீட்டை நீட்டினார். எப்போது கொண்டுவந்தாலும் பணம் தருவோம், சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே. அதிலும் முழு ரவுண்டு தொகை, வட்டி கிடையாது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் புதுமை.

ஜனத்துக்குப் பிடித்துப்போனது. அதுதான் ஆபத்து. பிடிக்கிறதே என்று அவரும் அடித்துத் தள்ளினார். 1663இல் சந்தேகம் கிளம்பியது, வங்கி தள்ளாடிச் சரிந்தது. 1668இல் அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாக மாற்றினார்கள். அதே வருஷம் நாடாளுமன்றம் வங்கியைத் தன் கையில் எடுத்தது. இன்றைய ரிக்ஸ்பாங்க், உலகின் மிகப் பழைய மத்திய வங்கி, அந்த இடிபாட்டின் மேல் நிற்கிறது. புது வங்கிக்கு முதலில் போட்ட கட்டளை: நோட்டு அடிக்கக் கூடாது. சூடு கண்ட பூனை.

1 டிசம்பர் 2024

"அரசே அடித்தால் ஏமாற்று இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் கார்லைப் படியுங்கள்.

ஓயாத போர். கஜானா காலி. 1715 முதல் சின்னச் செப்புக்காசு அடித்து, "இது ஒரு வெள்ளித் தாலர்" என்று ஆணை போட்டார்கள். முன்பு ஒரு தாலருக்கு முக்கால் கிலோ செம்பு, இப்போது சட்டைப் பொத்தான் கணக்கில் ஒரு வில்லை. இதற்குச் சூத்திரதாரி என்று எல்லாரும் கைகாட்டியது மன்னரின் ஜெர்மன் ஆலோசகர் கோர்ட்ஸ் பிரபுவை. கோடிக்கணக்கில் அடித்தார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு படம்: சனி, வியாழன், செவ்வாய் என்று ரோமானியக் கடவுளர் வரிசையாக வந்தார்கள். நவக்கிரகம் பாதி முடிந்துவிட்டது. 1716 வெளியீட்டில் லத்தீனில் "பூப்ளிகா ஃபீதே" என்று எழுத்து. பொது நம்பிக்கையின் பேரில் என்று பொருள். நம்பிக்கை இருக்கிற இடத்தில் அதை எழுதி ஒட்ட மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

1718 நவம்பர் 30, நார்வேயின் பிரெட்ரிக்ஸ்டென் கோட்டை அருகே மன்னர் தலையில் குண்டு பாய்ந்து செத்தார். சில மாதங்களில் கோர்ட்ஸ் தலை வெட்டப்பட்டது. காசின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். கையில் வைத்திருந்த ஏழை என்ன செய்வான்?

2 டிசம்பர் 2024

அந்தச் செப்புக்காசு என்னிடம் உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், ஒன்று இருக்கிறது. வியாழன் காசு. கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது.

27 டிசம்பர் 2024

விடுமுறை, வெளியே மூன்றரை மணிக்கே இருட்டு. பழைய படங்களைப் புரட்டினேன். கோடையில் சுவீடனின் கோட்லாண்ட் தீவுக்குப் போயிருந்தோம். விஸ்பி ஊர் அருங்காட்சியகத்தில் ஸ்பில்லிங்ஸ் புதையல்.

1999இல் ஒரு பண்ணை நிலத்தில் கிடைத்தது. 67 கிலோ வெள்ளி, 14,000க்கு மேல் காசு. புதையல் திருட்டைப் பற்றிப் படம் எடுக்க வந்த தொலைக்காட்சிக் குழு கிளம்பிப் போன சிறிது நேரத்தில் உலோகம் தேடும் கருவி கத்தியதாம். அதிர்ஷ்டம் அவர்களுக்கு அவ்வளவுதான்.

காசெல்லாம் யாருடையது? பெரும்பகுதி அரபு திர்ஹம். 9ஆம் நூற்றாண்டில் விலங்குகளின் ரோமத் தோலும் அடிமைகளும் ரஷ்ய ஆறுகள் வழியே தெற்கே போயின, வெள்ளி வடக்கே வந்தது. அதில் ஒரு காசில் "மோசஸ் இறைவனின் தூதர்" என்று அரபியில் இருக்கிறது, காஸ்பியன் கடல் பக்கம் அப்போது இருந்த கஸார் நாட்டில் அடித்தது.

இவர்களுக்குக் காசின் எழுத்து பொருட்டே இல்லை. நிறுத்துப் பார்ப்பார்கள். கத்தி முனையால் குத்திப் பார்ப்பார்கள், வளைத்துப் பார்ப்பார்கள். சில்லறை வேண்டுமா, வளையலை வெட்டு. நம் பத்தர் உரைகல்லில் உரைக்கிற அதே புத்தி. சொந்தமாகக் காசு அடிக்கும் யோசனை பிறகுதான் வேரூன்றியது: டென்மார்க்கில் நீலப்பல் ஹரால்டின் சிலுவைக் காசு (ஆமாம், உங்கள் போனில் இருக்கும் புளூடூத்தின் ஹரால்ட்தான்), சுவீடனில் 995ஐ ஒட்டி சிக்டூனா நகரில் ஓலோஃப் மன்னர். ஓலோஃபுக்கு அடித்துக்கொடுத்த தொழிலாளிகள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள்.

அடிக்கக் கற்ற கையோடு கலக்கவும் கற்றார்கள். நார்வேயில் ஹரால்ட் ஹார்ட்ராடா என்ற மன்னர், 11ஆம் நூற்றாண்டு, காசில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார். ஐஸ்லாந்துக்காரர்கள் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. ஹால்டோர் என்ற வீரர், மன்னரோடு பல போர் கண்டவர். சம்பளத்தை மடியில் கொட்டினார்கள். குனிந்து பார்த்தார், கலப்படம். அப்படியே தரையிலிருந்த வைக்கோலில் தட்டிவிட்டாராம். இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் யாருக்காவது சம்பளத்தைத் தட்டிவிடும் தைரியம் உண்டா?

28 டிசம்பர் 2024

ஒன்று விட்டுப்போனது. பழைய வடமொழியில் (சமஸ்கிருதம் இல்லை, வைக்கிங் மொழி) "ஃபே" என்றால் கால்நடை, சொத்து இரண்டும். நமக்கும் பழந்தமிழில் மாடு என்றால் செல்வம். "ஓரே" மட்டும் அவர்களுடையது இல்லை, லத்தீனில் பொற்காசைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பொன் என்று பெயர் வைத்துக்கொண்டு நூறில் ஒரு பங்காகித் தேய்ந்து, 2010இல் சுவீடனின் கடைசி ஐம்பது ஓரேயும் போய்ச் சேர்ந்தது.

14 ஜனவரி 2025, பொங்கல்

சொன்னபடி கிறிஸ்டியன் வந்துவிட்டார்.

எனக்குச் சொந்த ஊர் பொறையாறு. தரங்கம்பாடி நடந்து போகும் தூரம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்று டேனியர்கள் அங்கே டான்ஸ்போர்க் கோட்டை கட்டினார்கள், அனுப்பியவர் அதே நான்காம் கிறிஸ்டியன். அங்கே புழங்க அவர்கள் முதலில் அடித்தது ஈயக் காசு. பின்னாளில் செம்பு. என் சித்தப்பா சின்ன வயதில் அலை ஒதுங்கிய மணலில் பொறுக்கியதாக ஒன்று வைத்திருக்கிறார். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே மன்னர் பெயரின் முதலெழுத்து. மறுபக்கம் ரோமன் நான்கு, கீழே "காஸ்".

எத்தனை வருஷம் அதைப் பார்த்திருப்பேன்! ஸ்டாக்ஹோம் வந்த பிறகுதான் உறைத்தது. காஸ் என்பது காசு. டேனிஷ் ராஜா கிரீடத்துக்குப் பின்பக்கம் நம் சொல். வெள்ளியில் போட்டதற்கு "ஃபானோ" என்று பெயர், அது நம் பணம். 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பிறகு பணத்தை "ராயலின்" என்று மாற்றிக்கொண்டார்கள், காசை மாற்றவில்லை.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். கோட்டை, தெரு, எல்லாம் உட்பட.

15 ஜனவரி 2025

நேற்று எழுதியதும் ஒருவர் தனியாகக் கேட்டார்: "சுவீடன் தகடும் தரங்கம்பாடியும் எங்கேயாவது சந்தித்ததா?" சந்திக்கப் பார்த்து, வழியில் முழுகியது.

1776இல் சுவீடன் பணத்தைச் சீர்திருத்தித் தகடுகளைக் கழித்துக்கட்டியபோது அவை வெறும் செம்பாயின. செம்புக்கு இந்தியாவில் நல்ல கிராக்கி. "நிக்கோபார்" என்ற டேனியக் கப்பல் அந்தத் தகடுகளை ஏற்றிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் புறப்பட்டது. 1783 ஜூலையில் ஆப்பிரிக்காவின் தென்முனைப் பக்கம் உடைந்து மூழ்கியது. 1987இல் கண்டுபிடித்து சுமார் 3,000 தகடுகளைத் தூக்கினார்கள். இன்று உலகச் சந்தையில் விற்பனைக்கு வரும் தகடுகளில் கணிசமானவை அந்தக் கப்பல் சரக்கு, உப்புநீர் அரித்த தழும்போடு இருக்கும்.

கரை சேர்ந்திருந்தால் யாராவது தவலையாகவோ அண்டாவாகவோ அடித்திருப்பார்கள். ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. மூழ்கியதால் பிழைத்தது.

2 பிப்ரவரி 2025

அம்மா வந்திருக்கிறார்கள். வந்த மறுநாளே சுருக்குப்பையில் போட்டுக்கொள்ளச் சில்லறை கேட்டார்கள். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் காசு இருந்தது, கொட்டிப் பார்த்தேன். பாதி செல்லாக்காசு. 2017 ஜூன் 30க்குப் பிறகு பழைய ஒரு குரோனா, ஐந்து குரோனா செல்லாது. எனக்குத் தெரியாமல் இல்லை, வருஷக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். நம் ஊர் 2016 நவம்பர் 8 மாதிரி ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு இல்லை. சோம்பல்தான். மாற்றியிருக்கலாம், "அப்புறம் பார்க்கலாம்" என்று டின்னை மேலே வைத்தேன்.

செல்லுகிற காசை எடுத்துக்கொண்டு அம்மாவுடன் வெளியே போனால் பேருந்தில் வாங்க மாட்டார்கள். ரொட்டிக் கடை வாசலில் "ரொக்கம் பெறுவதில்லை" என்று அட்டை. இங்கே கடைக்காரர் அப்படி எழுதி ஒட்டிவிட்டால் சட்டப்படி சரி. கோயிலுக்குப் போனோம். உண்டியல் மேல் கியூஆர் கட்டம். 2012இல் வங்கிகள் கொண்டுவந்த ஸ்விஷ் செயலி, நம் ஜிபே மாதிரி. அம்மா என் போனில் நூறு குரோனா தட்டியதைப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலையே, சாமிக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள்.

3 பிப்ரவரி 2025

"இதுதான் முன்னேற்றம், காசு ஒழியட்டும்" என்று எழுதியவருக்கு. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் போன நவம்பரில் அரசு எல்லா வீட்டுக்கும் ஒரு கையேடு அனுப்பியது: நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்று. தண்ணீர், டப்பா உணவு, ரேடியோ, அதோடு ஒரு வாரத்துக்காவது ரொக்கம், வெவ்வேறு மதிப்பில் வைத்திருங்கள் என்று இருந்தது. நார்வே 2024 அக்டோபரில் சட்டத்தையே இறுக்கிவிட்டது, கடைக்காரர் ரொக்கத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. முன்னே ஓடியவர்களே திரும்பிப் பார்க்கிறார்கள்.

நானும் போய் எடுத்துவந்தேன். நூறு குரோனாவில் கிரேட்டா கார்போ, இருநூறில் இங்மார் பெர்க்மன். அரிசி டப்பாவுக்குள் இருவரும் இருக்கிறார்கள். அரிசி டப்பா யோசனை அம்மாவுடையது.

9 பிப்ரவரி 2025

கேள்வி கேட்ட தம்பி, அந்த டேனிஷ் சில்லறையை இன்னும் வைத்திருக்கிறீர்களா? ஒன்று, இரண்டு, ஐந்து குரோனர் மூன்றிலும் நடுவில் ஓட்டை இருக்கும், சுற்றிலும் குட்டி இதயங்கள். டின்னில் கிடந்த ஒன்றை அம்மா எடுத்து, "அட, ஓட்டைக் காலணா!" என்று கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் பிறந்தபோது புழங்கியது, குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவார்களாம். தங்கைக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒன்று கிடைத்துவிட்டது, ஜோடியாக இன்னொன்று வேண்டும் என்கிறார்கள். ஒரு குரோனர் காசு, ரொம்பத் தேயாதது. தபால் செலவை ஸ்விஷில் அனுப்பிவிடுகிறேன்.